ஏ320 அப்ரோச்சைக் கண்காணிப்பது எப்படி: டைப் ரேட்டிங் செல்லவிருக்கும் புதிய விமானிகளுக்கு

வணிக விமானி உரிமம் பெற்று, ஏர்பஸ் ஏ320 விமானத்தை ஓட்டுவதற்கான தனித் தகுதியான டைப் ரேட்டிங் பயிற்சிக்குத் தயாராகிக்கொண்டிருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். சிறு விமானத்தில் 200 மணி நேரம் பறந்தவருக்கு விமானத்தைக் கையால் ஓட்டத் தெரியும். ஆனால் ஆட்டோபைலட்டும், எஞ்சின் விசையைத் தானாகக் கட்டுப்படுத்தும் ஆட்டோத்ரஸ்ட்டும் ஓட்டும் விமானம், நிமிடத்துக்கு 700 அடி வீதம் ஓடுபாதையை நோக்கி இறங்கும்போது (இதுவே அப்ரோச்), அது என்ன செய்கிறது, அடுத்து என்ன செய்யப்போகிறது என்பதைக் கண்காணிப்பது முற்றிலும் வேறு வேலை. பயிற்சிக் காலத்தில் நான் அதிகம் திணறியது இதில்தான். ஓட்டும் விமானி செய்யவேண்டியதைச் சொல்லித்தரப் பலர் இருந்தார்கள்; கண்காணிக்கும் விமானி எந்தக் கட்டத்தில் எதைப் பார்க்கவேண்டும் என்பதை யாரும் வரிசைப்படுத்தித் தரவில்லை. அந்த வரிசையைத்தான் இங்கே தருகிறேன். எண்களும் அறிவிப்புச் சொற்களும் நிறுவனத்துக்கு நிறுவனம் சற்று மாறும் என்பதால், உங்கள் நிறுவனத்தின் கையேடு சொல்வதே இறுதியானது.

1. சேர்வதற்கு முன்: ஆவணங்களும் பணமும்

முதலில் பெயரைச் சரிபாருங்கள். நம்மவர்களுக்குப் பத்தாம் வகுப்புச் சான்றிதழில் இனிஷியல் ஒரு மாதிரியும், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் விரிந்து இன்னொரு மாதிரியும், ஆதாரில் மூன்றாவது மாதிரியும் இருப்பது வழக்கம். சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகத்தின் இ-ஜி.சி.ஏ. தளத்தில் உள்ள பெயரும் மற்ற ஆவணங்களில் உள்ள பெயரும் பொருந்தவில்லையென்றால், பயிற்சியெல்லாம் முடிந்து உரிமத்தில் ஏ320 பதிவாகவேண்டிய நேரத்தில் கோப்பு திரும்பி வரும். இதைப் பயிற்சிக்கு முன்பே சரிசெய்துவிடுங்கள்.

உரிமம், பல எஞ்சின் தகுதி, கருவிவழிப் பறத்தல் தகுதி, வானொலி இயக்குநர் உரிமம், ஆங்கிலத் திறன் நிலை 4 அல்லது அதற்கு மேற்பட்ட சான்று, பறந்த மணி நேரப் பதிவேடு, முதல் வகுப்பு மருத்துவச் சான்று ஆகியவற்றை ஒரே கோப்பில் வைத்துக்கொள்ளுங்கள். மருத்துவச் சான்று இளம் விமானிகளுக்கு 12 மாதம் செல்லும். அது பயிற்சியின் நடுவில் காலாவதியாகாதபடி முன்கூட்டியே தேதி வாங்குங்கள். சிமுலேட்டர் வெளிநாட்டில் என்றால் பாஸ்போர்ட்டின் மிச்சக் காலத்தையும் பாருங்கள்.

கட்டணத்தைப் பொறுத்தவரை, சொந்தச் செலவில் ஏ320 டைப் ரேட்டிங் எடுப்பவருக்குப் பயிற்சிக்கு மட்டுமே பத்து லட்சம் ரூபாய்க்கு மேல் ஆகும். தங்குமிடம், சாப்பாடு, நள்ளிரவு இரண்டு மணி ஸ்லாட்டுக்குப் போய்வரும் வண்டிச் செலவு எல்லாம் தனி. பணம் கட்டுவதற்கு முன் நான்கு கேள்விகளுக்கு எழுத்தில் பதில் வாங்குங்கள்: வரி சேர்ந்த தொகையா, கூடுதல் சிமுலேட்டர் அமர்வு தேவைப்பட்டால் மணிக்கு எவ்வளவு, தேர்வாளர் கட்டணம் யார் பொறுப்பு, அந்தக் குறிப்பிட்ட சிமுலேட்டருக்கு இயக்குநரகத்தின் அங்கீகாரம் எந்தத் தேதிவரை உள்ளது. நான் பயின்ற இடத்தில் கூடுதல் அமர்வின் கட்டணம் கடைசி வாரத்தில்தான் சொல்லப்பட்டது. அந்த நேரத்தில் மறுத்துப் பேசும் நிலையில் எவரும் இருப்பதில்லை. வேலை உறுதியாகாத நிலையில் கடன் வாங்கி டைப் ரேட்டிங் எடுக்கவேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. பறக்காமல் இருந்தால் தகுதி தேய்ந்துவிடும். அதைப் புதுப்பிக்கவும் பணம் வேண்டும்.

இன்னொரு கணக்கையும் போட்டுப் பாருங்கள். ஒரு சிமுலேட்டர் அமர்வு பொதுவாக நான்கு மணி நேரம். இருவர் சேர்ந்து பயின்றால் இரண்டு மணி நேரம் நீங்கள் ஓட்டும் விமானி, மீதி இரண்டு மணி நேரம் கண்காணிக்கும் விமானி. கட்டிய பணத்தில் பாதி கண்காணிக்கும் பணிக்குத்தான் போகிறது. அந்த இரண்டு மணி நேரத்தை ஓய்வாக எடுத்துக்கொள்பவர்களே தேர்வில் தடுமாறுகிறார்கள்.

2. வீட்டிலேயே எஃப்.எம்.ஏ. படிக்கப் பழகுங்கள்

விமானியின் முதன்மைத் திரையின் மேல்விளிம்பில், தானியங்கிகள் எந்த முறையில் இயங்குகின்றன என்பதை ஐந்து நெடுவரிசைகளில் காட்டும் பட்டைதான் எஃப்.எம்.ஏ. முதல் நெடுவரிசை ஆட்டோத்ரஸ்ட். இரண்டாவது ஏற்ற இறக்கம். மூன்றாவது பக்கவாட்டுத் திசை. நான்காவது தரையிறங்கும் திறன் நிலையும் குறைந்தபட்ச உயரமும். ஐந்தாவது ஆட்டோபைலட், விமானிக்குத் திரையில் வழிகாட்டும் ஃப்ளைட் டைரக்டர், ஆட்டோத்ரஸ்ட் ஆகியவற்றில் எவை இயங்குகின்றன என்பது. இயங்கிக்கொண்டிருக்கும் முறை பச்சையில் மேல்வரியிலும், காத்திருக்கும் முறை நீலத்தில் அதற்குக் கீழேயும் தெரியும். புதிய முறை ஒன்று வந்தால் அதைச் சுற்றி 10 விநாடிக்கு வெள்ளைக் கட்டம் வரும்.

கண்காணிப்பின் முதல் விதி இதுதான்: அழுத்திய பொத்தானை நம்பாதீர்கள், எஃப்.எம்.ஏ.வில் வந்ததை மட்டும் நம்புங்கள். பொத்தானில் விளக்கு எரிவது உங்கள் விருப்பம் போய்ச் சேர்ந்ததைக் காட்டும். விமானம் எதற்குக் கட்டுப்பட்டிருக்கிறது என்பதை எஃப்.எம்.ஏ. காட்டும்.

ஏ320 காக்பிட்டின் படத்தை ஊரிலுள்ள ஃப்ளெக்ஸ் கடையில் கொடுத்து உண்மை அளவுக்கு அச்சிட்டு, நாற்காலியின் உயரத்துக்கேற்பச் சுவரில் ஒட்டிக்கொள்ளுங்கள். செலவு மிகக் குறைவு, பலன் மிக அதிகம். ஒவ்வொரு நாளும் ஒரு முழு அப்ரோச்சை மனத்தில் ஓட்டி, எஃப்.எம்.ஏ.வில் வரவேண்டிய ஒவ்வொரு மாற்றத்தையும் விரலால் தொட்டு வாய்விட்டுச் சொல்லுங்கள். மனத்துக்குள் சொல்வது போதாது. சிமுலேட்டரில் வேலை குவியும்போது முதலில் அடங்கிப்போவது வாய்தான். வாய் அடங்கினால் கண்ணும் நின்றுவிடும்.

3. இறங்கத் தொடங்குவதற்கு முன்

இறக்கம் தொடங்கும் இடத்துக்குச் சுமார் 80 கடல் மைல் முன்பே தயாரிப்பைத் தொடங்குங்கள். விமான நிலைய வானிலைத் தகவலை எடுத்து, மேலாண்மைக் கணினியில் ஓடுபாதை, அப்ரோச் வகை, காற்று, வெப்பநிலை, கியூ.என்.எச். (உயரமானியில் அமைக்கும் காற்றழுத்த எண்), குறைந்தபட்ச உயரம் ஆகியவற்றை ஒருவர் பதிய, மற்றவர் வரைபடத்தோடு ஒப்பிடவேண்டும். இறுதிக் கட்டத்தின் உயரங்கள், இறங்கு கோணம், ஓடுபாதைக்கு வானொலிச் சமிக்ஞையால் வழிகாட்டும் ஐ.எல்.எஸ். அமைப்பின் அடையாள எழுத்துகள், தரையிறங்காமல் திரும்பப் பறந்தால் ஏறவேண்டிய உயரம் ஆகிய நான்கையும் விரல்வைத்துச் சரிபாருங்கள். ஓடுபாதையைக் கட்டுப்பாட்டு மையம் கடைசி நேரத்தில் மாற்றும்போதுதான் பிழைகள் புகும். அப்படி மாற்றும்போது இருவரும் ஒரே நேரத்தில் தலைகுனிந்து கணினியைப் பார்க்காதீர்கள்; நேரம் போதவில்லையென்றால் சுற்றிவர அனுமதி கேளுங்கள். கேட்பதற்குக் கட்டணம் கிடையாது.

4. 10,000 அடியிலிருந்து ஐ.எல்.எஸ். பிடிக்கும் வரை

10,000 அடிக்குக் கீழே வேலைக்கு அப்பாற்பட்ட பேச்சு வேண்டாம். இந்தக் கட்டத்தில் புதியவர்கள் விழும் குழி, அப்ரோச் கட்டத்தைக் கணினியில் இயக்க மறப்பது. ராடார் வழிகாட்டலில் திசை கொடுத்து அழைத்துச்செல்லும்போது, வேகம் குறைக்கும் இடத்தை விமானம் தானாகக் கடக்காமல் போகலாம். அப்போது அப்ரோச் கட்டம் தானாக இயங்காது. அதைக் கவனிக்காமல் வேகத்தைக் கணினியின் பொறுப்பில் விட்டால், குறைந்துகொண்டிருந்த வேகம் மீண்டும் இறக்கக் கட்டத்தின் வேகத்தை நோக்கி ஏறத் தொடங்கும். ஆகவே ஓடுபாதைக்குச் சுமார் 15 மைல் இருக்கும்போது, வேக அளவுகோலில் இலக்கைக் காட்டும் முக்கோணம் என்ன நிறம், எந்த எண்ணில் நிற்கிறது என்று பாருங்கள். நீலம் என்றால் நீங்கள் தேர்ந்தெடுத்த வேகம். மெஜந்தா என்றால் கணினி தேர்ந்தெடுத்தது.

அப்ரோச் பொத்தானை அழுத்தியதும், ஓடுபாதையின் நேர்கோட்டைக் காட்டும் லோகலைசரும் இறங்கு பாதையைக் காட்டும் கிளைட்ஸ்லோப்பும் நீலத்தில் காத்திருக்கின்றனவா, இரண்டாவது ஆட்டோபைலட் இணைந்ததா என்று பார்த்துச் சொல்லவேண்டும். பிறகு நட்சத்திரக் குறியோடு லோகலைசர், நட்சத்திரம் நீங்கிய லோகலைசர், அதேபோல் கிளைட்ஸ்லோப் என்று மாற்றங்கள் வரும். கிளைட்ஸ்லோப்பைக் கீழிருந்து பிடிப்பதே முறை. மேலிருந்து பிடிக்க நேர்ந்தால், 3 பாகைக்குப் பதில் 9 பாகை அளவில் கிடைக்கும் போலிச் சமிக்ஞையை விமானம் பிடித்துவிடும் ஆபத்து உண்டு. ஊசி நடுவில் வந்ததால் மட்டும் நிம்மதியடையாமல் தூரத்தோடு உயரத்தை ஒப்பிடுங்கள். 3 பாகைக்கு ஒரு கடல் மைலுக்குச் சுமார் 318 அடி. தரை வேகத்தை ஐந்தால் பெருக்கினால் இறங்கவேண்டிய வீதம் கிடைக்கும். 140 நாட் என்றால் நிமிடத்துக்கு 700 அடி. இந்த இரண்டு கணக்கும் யோசிக்காமல் வரவேண்டும்.

5. முதல் நெடுவரிசையில் ‘ஸ்பீட்’ இருக்கிறதா?

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் நினைவில் வைப்பதானால் இதை வையுங்கள். இறுதி அப்ரோச்சில் ஆட்டோத்ரஸ்ட் இயங்கும்போது எஃப்.எம்.ஏ.வின் முதல் நெடுவரிசையில் ‘ஸ்பீட்’ என்று இருக்கவேண்டும். அங்கே ‘த்ரஸ்ட் ஐடில்’ என்றிருந்தால் எஞ்சின்கள் ஓய்நிலையிலேயே நிற்கும். வேகத்தைக் காப்பது எஞ்சினின் வேலையாக இல்லாமல் மூக்கின் கோணத்தின் வேலையாகிவிடும். அந்த நிலையில் எவராவது மூக்கை உயர்த்தினால் வேகம் கரையும், எஞ்சின் உதவிக்கு வராது.

1990 பிப்ரவரி 14 அன்று பம்பாயிலிருந்து பெங்களூருக்கு வந்த இந்தியன் ஏர்லைன்ஸ் 605 இப்படித்தான் ஓடுபாதைக்கு முன்னதாகவே கோல்ஃப் மைதானத்தில் விழுந்தது. விமானம் ‘ஓப்பன் டிசென்ட்’ முறையில், எஞ்சின்கள் ஓய்நிலையில், உரிய வேகத்துக்கு மிகக் கீழே இறங்கிக்கொண்டிருந்ததை இருவரும் உரிய நேரத்தில் உணரவில்லை. 146 பேரில் 92 பேர் இறந்தனர். இதிலிருந்து இரண்டு விதிகளை எடுத்துக்கொள்ளுங்கள். இறுதி அப்ரோச்சில் ஓப்பன் டிசென்ட் முறைக்கு இடமில்லை. ஃப்ளைட் டைரக்டரை அணைத்தால் இரண்டையும் சேர்த்தே அணைக்கவேண்டும். ஒன்று மட்டும் இயங்கினாலும் ஆட்டோத்ரஸ்ட் ‘ஸ்பீட்’ முறைக்கு மாறாது.

போயிங் விமானத்திலும் இதே பாடம்தான். 2009 பிப்ரவரி 25 அன்று ஆம்ஸ்டர்டாம் அருகே விழுந்த டர்கிஷ் ஏர்லைன்ஸ் 737-800இல், தரையிலிருந்துள்ள உயரத்தை அளக்கும் இடதுபக்க ரேடியோ உயரமானி மைனஸ் 8 அடி என்று தவறாகக் காட்டியதால், ஆட்டோத்ரஸ்ட்டுக்கு நிகரான ஆட்டோத்ராட்டில் தரையைத் தொடப்போவதாக எண்ணி எஞ்சின்களை ஓய்நிலைக்கு இழுத்தது. லோகலைசர், கிளைட்ஸ்லோப் ஊசிகளை ஆட்டோபைலட் நடுவிலேயே வைத்திருக்க, வேகம் மட்டும் குறைந்துகொண்டே போனது. 9 பேர் இறந்தனர். 2013 ஜூலை 6 அன்று சான் ஃபிரான்சிஸ்கோவில் ஏசியானா 777இன் ஆட்டோத்ராட்டில் வேகத்தைக் கட்டுப்படுத்தாத ‘ஹோல்டு’ நிலைக்குப் போயிருந்தது. வேகத்தை அது பார்த்துக்கொள்ளும் என்று விமானிகள் நினைத்திருந்தார்கள். 137 நாட் இருக்கவேண்டிய வேகம் 103 வரை சரிந்தது. மூன்று பேர் இறந்தனர்.

ஆகவே கண்ணின் சுற்றை இப்படிப் பழக்குங்கள்: எஃப்.எம்.ஏ.வின் முதல் நெடுவரிசை, வேகமும் அது எந்தப் பக்கம் போகிறது என்பதைக் காட்டும் அம்பும், எஞ்சின் விசிறியின் சுழற்சி வேகமான என்1, பிறகு பாதை, பிறகு மீண்டும் முதலிலிருந்து. ஊசிகள் நடுவில் இருப்பதைப் பார்த்து மனம் அடங்கும் பழக்கம் சிறு விமானத்தில் பலருக்கும் ஊறிப்போயிருக்கும். பாதை சரியாக இருப்பது ஒன்று, அந்தப் பாதையில் விமானத்தைத் தாங்கும் விசை இருப்பது மற்றொன்று. இரண்டையும் தனித்தனியே பாருங்கள்.

6. ஐ.எல்.எஸ். இல்லாத அப்ரோச்

இங்கே உயரமானியே உங்கள் கிளைட்ஸ்லோப். ஒரு ஹெக்டோபாஸ்கல் பிழை சுமார் 28 அடி. பத்து பிழைத்தால் 280 அடி. 2022 மே 23 அன்று பாரிஸ் சார்ல் த கோல் விமான நிலையத்தில் 1001 என்று சொல்லவேண்டிய கியூ.என்.எச்.ஐக் கட்டுப்பாட்டு மையம் 1011 என்று சொல்ல, ஓர் ஏ320 ஓடுபாதைக்கு முன்னால் தரைக்கு 6 அடி உயரம்வரை இறங்கித் திரும்ப ஏறியது. இதில் பலரும் தவறவிடும் நுட்பம் ஒன்று உண்டு. வரைபடத்திலுள்ள தூர–உயர அட்டவணையோடு ஒப்பிட்டால் எல்லாம் பொருந்தியதாகவே தெரியும். ஏனென்றால் ஒப்பிடும் உயரமும் அதே தவறான அழுத்தத்திலிருந்து வருகிறது. பிழையைக் காட்டக்கூடியவை வானிலைத் தகவலில் எழுதிவைத்த எண்ணும் ரேடியோ உயரமானியும்தான். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் வங்கக்கடலில் புயல் நெருங்கும் நாளில் சென்னையின் அழுத்தம் வேகமாக இறங்கும். அன்று காதில் விழுந்த எண் காகிதத்தில் உள்ளதோடு பொருந்தவில்லையென்றால், எது சரி என்று நீங்களே முடிவுசெய்யாமல் திரும்பக் கேளுங்கள்.

அடுத்த குழி, கோணமா வீதமா என்ற குழப்பம். 1992 ஜனவரி 20 அன்று ஸ்ட்ராஸ்பூர்க் அருகே மலையில் மோதிய ஏர் இன்டர் ஏ320 விபத்தில் 87 பேர் இறந்தனர். மைனஸ் 3.3 பாகை என்று எண்ணி அமைத்தது நிமிடத்துக்கு 3,300 அடி இறக்கமாக ஏற்கப்பட்டது என்பதே விசாரணை மிக வலுவாகக் கருதிய காரணம். இன்று வீதம் நான்கு இலக்கமாகத் தெரிகிறது. ஆனாலும் எண்ணைத் திருகும் குமிழைப் பார்த்து உறுதிசெய்யாமல், எஃப்.எம்.ஏ.வில் ‘எஃப்.பி.ஏ.’ (கோணம்) என்று வந்திருக்கிறதா ‘வி.எஸ்.’ (வீதம்) என்று வந்திருக்கிறதா என்று வாசித்துச் சொல்லுங்கள்.

7. ஆயிரம் அடி

ஓடுபாதைக்கு மேல் 1,000 அடியில் ஃப்ளாப்பும் சக்கரமும் தரையிறங்கும் நிலையில் இருக்கவேண்டும், சரிபார்ப்புப் பட்டியல் முடிந்திருக்கவேண்டும், வேகம் இலக்கையொட்டி இருக்கவேண்டும், எஞ்சின் ஓய்நிலைக்கு மேல் நிலைத்திருக்கவேண்டும், இறங்கும் வீதம் நிமிடத்துக்கு 1,000 அடியைத் தாண்டக்கூடாது. ஓடுபாதை கண்ணில் தெரிந்தால் 500 அடிவரை அனுமதிக்கும் நிறுவனங்களும் உண்டு. ‘இன்னும் சில நொடியில் சரியாகிவிடும்’ என்ற எண்ணம் வருமானால், நிலைபெறவில்லை என்று அர்த்தம், அதைச் சொல்லுங்கள்.

ஐ.எல்.எஸ்.ஸில் தானாகத் தரையிறங்குவதானால் 400 அடிக்குக் கீழே ‘லேண்டு’ என்று பச்சையில் வரவேண்டும். வராவிட்டால் தானியங்கித் தரையிறக்கம் கிடையாது.

8. திரும்பப் பறத்தல்

த்ரஸ்ட் லீவரை டோகா என்ற கடைசிப் பள்ளம்வரை முழுதாகத் தள்ளினால்தான் விமானம் திரும்பப் பறக்கும் முறைக்கு மாறும். பிறகு வேண்டுமானால் உடனே பின்னுக்கு இழுக்கலாம். பாதியில் நின்றால் எஞ்சின் முழங்கும், ஆனால் ஆட்டோபைலட் தரையிறங்கும் பாதையிலேயே கீழே போய்க்கொண்டிருக்கும். 2007 ஜூலை 21 அன்று மூடுபனியில் மெல்பர்ன் வந்த ஓர் ஏ320 இப்படித் தரைக்கு 38 அடி உயரம்வரை இறங்கியது. எஞ்சின் சத்தம் கேட்டதும் கண்காணிப்பவரின் கை ஃப்ளாப்புக்குப் போகும், கண் எஃப்.எம்.ஏ.வில், அந்த முறை இயங்கியதைக் காட்டும் ‘மேன் டோகா’, ‘எஸ்.ஆர்.எஸ்.’ இரண்டும் வந்தனவா என்று பார்க்கவேண்டும். உயரம் ஏறுவது உறுதியானதும் அதைச் சொல்லுங்கள்; ஓட்டும் விமானி கேட்ட பிறகே சக்கரத்தை உயர்த்துங்கள்.

9. கேப்டனிடம் சொல்வது

பார்த்ததைச் சொல்லாவிட்டால் பார்த்ததற்குப் பயனில்லை. வீட்டிலும் பள்ளியிலும் பெரியவர்களைத் திருத்திப் பேசிப் பழகாமல் வளர்ந்த நமக்கு, ஆயிரக்கணக்கான மணி நேரம் பறந்த கேப்டனிடம் “ஸ்பீட்” என்று ஒற்றைச் சொல்லால் எச்சரிப்பது மரியாதைக் குறைவாகத் தோன்றும். “சார், வேகம் கொஞ்சம் குறைகிற மாதிரி இருக்கிறது” என்று நீட்டிச் சொல்லத்தான் நாக்கு வரும். நீட்டிச் சொல்லும் நேரத்தில் வேகம் இன்னும் ஐந்து நாட் போய்விடும். எச்சரிக்கைச் சொற்கள் குறுகியவையாக வகுக்கப்பட்டிருப்பது இருவருக்கும் பாதுகாப்பு. அவை கேப்டனின் திறமையைப் பற்றிய கருத்து அல்ல. முதல் அறிவிப்புக்குப் பதில் வரவில்லையென்றால் மீண்டும் தெளிவாகச் சொல்லுங்கள். அதற்கும் பதிலோ திருத்தமோ இல்லையென்றால் “கோ-அரவுண்ட்” (திரும்பப் பறக்கவேண்டும்) என்று சொல்லவும், தேவையானால் “ஐ ஹேவ் கன்ட்ரோல்” என்று சொல்லி எடுத்துக்கொள்ளவும் கையேடு உங்களுக்கு உரிமை தருகிறது. இந்தச் சொற்களைச் சுவரிலுள்ள ஃப்ளெக்ஸ் முன்னால் உட்கார்ந்து, உரத்த குரலில், பயிற்சித் துணையைக் கேப்டனாக வைத்துச் சொல்லிப் பழகுங்கள்.

10. தேர்வுக்குப் பிறகு

திறன் தேர்வு முடிந்த அன்றே தேர்வாளரின் அறிக்கை, பயிற்சி நிறைவுச் சான்று, ஒவ்வொரு சிமுலேட்டர் அமர்வின் பதிவு ஆகியவற்றில் கையொப்பமும் தேதியும் சிமுலேட்டரின் அடையாள எண்ணும் சரியாக உள்ளனவா என்று பார்த்து வாங்குங்கள். ஊர் திரும்பியபின் ஒரு விடுபட்ட கையொப்பத்துக்காக வாரக்கணக்கில் காத்திருக்க நேரும். உரிமத்தில் ஏ320 பதிவு வந்ததும் நாட்காட்டியில் இரண்டு தேதிகளைக் குறித்துவிடுங்கள்: ஆறு மாதத்துக்கு ஒருமுறை வரும் திறன் சோதனை ஒன்று, 12 மாதத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கவேண்டிய கருவிவழிப் பறத்தல் தகுதி மற்றொன்று. நிறுவனத்தில் சேர்ந்தவர்களுக்கு இதை நிறுவனமே பார்த்துக்கொள்ளும். வேலைக்குக் காத்திருப்பவர்கள் தாங்களே சிமுலேட்டர் நேரம் வாங்கவேண்டும். ஸ்லாட் கிடைக்கவே சில வாரம் ஆகும் என்பதால் இரண்டு மாதம் முன்பே விசாரிக்கத் தொடங்குங்கள்.